பதினொரு நிமிடம்

பைசாந்து ஊரில், ஆற்றுக்குப் போகும் தெருவில்,
மூடிக்கிடந்த டயர் கடைக்குள்
வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு
உலகத்திலேயே நீளமான கைகுலுக்கலைத்
தொடங்கினோம்.

யோசனை தார்தோவுடையது.
கைகுலுக்க அவன் பொறுக்கியெடுத்ததோ
நான்கு மாதமாய்ப் பேசிக்கொள்ளாத இருவரை:
இரவல் வாங்கிய படகு மோட்டாரை
ஆற்றில் விட்டுவிட்டு வந்த மில்தோன்;
மோட்டாருக்குச் சொந்தக்காரன் வாஷிங்டன்.
"பிரியம் சீக்கிரம் தளர்ந்துடும்,
வீம்பு தளராது" என்றான்.
அவன் கேமரா.
நான் கடிகாரமும் கோடு போட்ட நோட்டும்.
கால் மணிக்கு ஒரு வரி.

விதி சின்னது.
பிடி விடக் கூடாது, அசைவு நிற்கக் கூடாது.
அடிபம்பு போல
மேலே கீழே மேலே கீழே,
தண்ணீர்தான் வரவில்லை.

இரவு பத்துவரை ஊர் வந்து பார்த்தது.
ரொட்டிக்கடை ஓல்கா இடது கைகளுக்கு
மாத்தே ஊற்றிக் கொடுத்தாள்.
பள்ளிப் பையன்கள் ஆயிரம்வரை எண்ணிப் பார்த்து
சலித்துப் போனார்கள்.
கழிவறைக்கும் சேர்ந்தே போனார்கள்:
ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே,
கதவிடுக்கில் இரண்டு மணிக்கட்டுகள்
மேலே கீழே.
மணிக்கட்டுகளுக்கு மட்டும் நான் சாட்சி.

பதினான்காம் மணியில் முதல் வார்த்தை.
"உன் கை வேர்க்குது."
"உன்னுதுதான்."
இதையும் எழுதினேன், குறிப்புப் பகுதியில்.

சனிக்கிழமை மதியம் ஜூலை மழை பிடித்தது.
மழை என்றால் எங்கள் ஊரில்
மாவு பொரிக்காத அடுப்பு இல்லை.
எண்ணெய் மினுங்கும் வாயோடு வாஷிங்டன் கேட்டான்:
"எந்த இடத்துல?"
"தீவுக்கு இந்தப் பக்கம். ஒரு கட்டை வந்து மோதிச்சு."
மேலே. கீழே.
"உனக்கு நீச்சல் தெரியாதே."
"அந்தக் கட்டையைத்தான் பிடிச்சுக்கிட்டேன்."
வெகுநேரம் வேறு பேச்சில்லை.
பிடி மட்டும் கொஞ்சம் மாறியது,
எப்படி என்று எழுத
நோட்டில் இடமில்லை.

இனி சொல்லப்போவது
ஞாயிறு விடியுமுன் நடந்தது.
மூன்று நாற்பதுக்கு ஒரு வரி எழுதினேன்.
அடுத்து நான் பார்த்தது மூன்று ஐம்பத்தொன்று.
கன்னத்தில் நோட்டுக் கம்பியின் தடம்.
கேமராவின் சிவப்புப் புள்ளி அணைந்திருந்தது.
டயர் அடுக்கின்மேல் தார்தோ குறட்டை.
இரண்டு நாற்காலிகளிலும் தலைகள் தொங்க,
நடுவில் கைகள்
பிடித்தபடியே
ஏறின, இறங்கின.
குலுக்கலா, தூக்கத்தின் மூச்சா,
எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

"விட்டீங்களாடா?"
பானையை உடைத்தது யாரென்று
கேட்கப்பட்ட பிள்ளைகள் போல
ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.
"தெரியலையே."

பழைய சாதனை நாற்பது மணி.
எட்டேகாலுக்கு அதைத் தாண்டியபோது
கைதட்டல், ஹாரன், யாரோ ஒரு டிரம்பெட்.
நிறுத்தலாம் என்றதும்
விரல்கள் திறக்கவில்லை.
ஓல்கா வெந்நீர் ஊற்றி
ஒவ்வொன்றாய்ப் பிரித்தெடுத்தாள்.

கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்துக்கு ஒரு கோடு.
அதற்கு மேலே:
இடைவிடாது கண்டேன்.

"போடு நீபியா, பதினொரு நிமிஷம்தானே?"
தார்தோ பேனாவை என் விரல்களுக்குள் திணித்தான்.
நான் எழுதியது:
மூன்று நாற்பது முதல் மூன்று ஐம்பத்தொன்று வரை
தூங்கிவிட்டேன்.
விடவில்லை என்று நம்புகிறேன்.

ஒன்பது வாரம் கழித்துக் கடிதம் வந்தது.
மரியாதையான கடிதம்.
நம்பிக்கைக்கு அவர்களிடம் பத்தி இல்லையாம்.

தார்தோ என்னோடு பேசுவதை நிறுத்தினான்.
மில்தோனும் வாஷிங்டனும்
ஞாயிறுதோறும் கொக்கி கட்டிய கயிற்றோடு
தீவுக்கு இந்தப் பக்கம் ஆற்றைத் துழாவுகிறார்கள்.
இதுவரை ஒரு சைக்கிள், ஒரு தகரக் கதவு.
அவர்கள் சண்டை போடும் சத்தம்
பாலம்வரை கேட்கிறது.

நேற்று மருந்துக்கடை வாசலில்
தார்தோ எதிரே வந்தான்.
நின்றான். கையை நீட்டினான்.

பழக்கம் விடவில்லை எனக்கு.
முதலில் மணி பார்த்தேன்.