ஓர் எழுத்துக்கு நூற்றைம்பது

மார்த்தாண்டம் மேம்பாலத்து நிழலில்
பெயிண்டர் நேசையன் கேட்டார்:
"பேரு என்ன?"
இல்லை என்றோம்.
"எழுத்துக்கு நூத்தம்பது. யோசிச்சு வைங்க"
தூரிகையை மண்ணெண்ணெயில் போட்டுவிட்டுச்
சாயா குடிக்கப் போனார்.

பதினாறு வருடம் நர்சரிப் பிள்ளைகளைச் சுமந்த வேன்.
இருக்கைகளைப் பிடுங்கியபோது
அடியில் ஒரு வலதுகால் ஷூ, கடித்த பென்சில்கள்,
எறும்பும் தொடாத ஒரு மிட்டாய்.
அங்கே இப்போது ரப்பர் பலகைக் கட்டில்,
ஒற்றை அடுப்பு,
வில்பிரட் தானே தைத்த
நீளம் போதாத திரைச்சீலை.

மஞ்சளுக்கு மேல் இரண்டு கை நீலம் அடித்தும்
வெயில் ஏறினால்
பின்கதவில் மெல்ல வந்து நிற்கும்
'பள்ளி வாகனம்'.

நெய்தல் என்று வைப்போம் என்றேன்.
"பேச்சிப்பாறைக்குப் போனா
பேரை மாத்துவியா?" என்றான் வில்பிரட்.
அவனுக்கு ராக்கெட் என்று வைக்க வேண்டும்.
நாற்பதைத் தாண்டினால்
ஸ்டியரிங் நடுங்குகிற ராக்கெட்.
பஹ்ரைனிலிருந்து நாத்தனார்
குரல்செய்தியில் ஒரு பேர் சொன்னாள்.
பின்னால் மிக்சி ஓடியது. மூன்றுமுறை கேட்டும்
தேங்காய்ச் சட்னிதான் கேட்டது.

பேரில்லாமலே கிளம்பினோம்.
அழகியமண்டபத்தில் நின்றுவிட்டது.
அழகாக, சந்திப்பின் நடுவில்.
நாகர்கோவில் பஸ் பின்னால் ஊளையிட,
அயனிச்சக்கை விற்றவர் வந்தார்,
பால்வெட்டப் போன ஒருவர் வந்தார்,
முந்திரி ஆலை விட்டு வந்த பெண்கள் நாலுபேர்
தூக்குவாளிகளைச் சாலையோரம் வைத்துவிட்டு
நீலத்தில் கை வைத்தார்கள்.

"தள்ளாம போவாதா இது?"
போகாது அக்கா.
"அப்பம் தள்ளைண்ணு பேரு வச்சிருங்க.
எனக்க தள்ளையும் இப்பிடித்தான்.
உள்ள எல்லாருக்கும் எடம் உண்டு.
நிண்ண எடத்த விட்டு நவுரமாட்டா."
சொன்னவள் பேர் ரெத்தினபாய்.
சிரித்ததில் பிடி தளர்ந்து
வண்டி ஒரு முழம் பின்னால் வந்தது.

திருச்சிக்காரனுக்கு விளங்கவில்லை.
தள்ளை என்றால் எங்களூரில் அம்மா என்றேன்.
"தள்ளுறதால தள்ளைனு நெனச்சேன்."
அதுவும்தான்.

மறுநாள் நேசையன்
பின்கதவை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.
"புதுசா எதுக்கு எழுதணும்?
பானாவைத் தானா ஆக்கிருவோம்.
ளியை அழிச்சு ளை போட்டா முடிஞ்சு."
கொம்புக்குத்தான் இடமில்லை.
கடைசியில் வந்த பிள்ளையை
ஸ்கூல் வேனில் திணிப்பதுபோல்
ரெண்டு ளகரத்துக்கும் நடுவே
நெருக்கி உட்காரவைத்தார்.
"எழுத்து ஒண்ணரை.
இருநூத்து இருவத்தஞ்சு."
முந்திரிப் பால் கறையோடு பதிந்த
எட்டுக் கைகளைக் காட்டி,
இதையும் அடிச்சு விடவா என்றார்.
அதற்குத் தனி ரேட்.
வேண்டாம் என்றோம்.

முட்டத்தில் அன்றிரவு மழை.
கலங்கரை வெளிச்சம்
திரைச்சீலை எட்டாத இடத்தில் நுழைந்து
வில்பிரட்டின் பாதங்களை எண்ணிப் பார்த்துப் போனது.
கதவில் தட்டு.
"யாரு உள்ள?"
ரெண்டு பேர்தான் சார்.
கான்ஸ்டபிளின் டார்ச் பின்பக்கம் போனது.
எழுத்துக்கூட்டுகிற நேரம் மௌனம்.
பிறகு ஓர் இருமல், சிரிப்பை மறைக்கிற வகை.
"இங்க நிக்கப்பிடாது. வண்டிய எடுங்க."

சாவியைத் திருப்பினான் வில்பிரட்.
இன்னொருமுறை திருப்பினான்.
மழை கேட்டுக்கொண்டிருந்தது.

தொப்பியைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு
அவர் பின்னால் போய்த் தோள் கொடுத்தார்.
தள்ளு என்றாரா,
தள்ளே என்றாரா,
சரியாகக் காதில் விழவில்லை.

ஸ்டார்ட் ஆனபின் நிறுத்தினால் போச்சு.
வெள்ளிச்சந்தை தாண்டித்தான் பார்த்தேன்,
மடியில்
ஈரத்தோடு அவர் தொப்பி.