நாறும் படகு

விடியும் முன்பே நான் வருவதை
உங்கள் மூக்கு சொல்லிவிடும்.
கால்வாய் ஓரத்து நாணல் மறைப்புகளுக்குள்
ஊர் ராத்திரி இறக்கிவைத்ததை
மண்குடத்தால் அள்ளி நிரப்புகிறேன்.
பிரபு வீட்டினுடையதும் கூலிக்காரன் வீட்டினுடையதும்
ஒரே நிறம்.
சொன்னால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

என் பெயர் சோலின். காடை என்று அர்த்தம்.
த்லாத்தெலோல்கோ சந்தையில் எனக்கும் இடம் உண்டு,
மதிலுக்கு வெளியே, காற்று போகிற திசையில்.
தோல் பதனிடும் தெயிக்கு தினமும் வருவாள்,
குச்சியை விட்டுக் கிளறிப் பார்ப்பாள்.
"தண்ணீர் கலந்திருக்கிறாய்."
தண்ணீரா?
கக்காவோ தோலுக்குள் மெழுகை அடைத்து
விதை என்று விற்கிறவர்கள் உள்ளே இருக்கிறார்கள்.
பச்சைக்கல்லும் இறகும் விற்கிற பெரிய மனிதர்கள்.
என் சரக்கில் கலப்படம் கிடையாது, தெயிக்கு.
இருபது விதை, முடிந்தால் எடு.

பேரம் முடியவில்லை.
உள்ளே சத்தம் கிளம்பியது.

கழுத்தில் கட்டை பூட்டிய பெண் ஒருத்தி
தக்காளிக் குவியலைத் தாண்டி ஓடி வந்தாள்.
பின்னால் சிபாக், உப்பு வியாபாரி, செருப்பு ஒன்றைத் தொலைத்தவன்.
அவனுக்கு முன்னால் அவன் மகன்,
பந்தாட்டத்தில் ஓடுகிற மாதிரி சிரித்துக்கொண்டே.

சட்டம் குழந்தைக்கும் தெரியும்.
எசமானும் அவன் பிள்ளையும் மட்டுமே துரத்தலாம்.
வேறு எவன் கை நீட்டினாலும்
அந்தக் கட்டை அவன் கழுத்துக்கு மாறும்.
ஆயிரக்கணக்கான பேர்
கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு வழிவிட்டார்கள்.
வாத்துக்காரி தன் வாத்துகளைக்கூடப் பிடித்துக்கொண்டாள்.

மதிலைத் தாண்டி
மனித மலத்தை மிதித்து
நீதிபதிகள் முன் நின்றுவிட்டால் விடுதலை.

மதிலைத் தாண்டிவிட்டாள்.
நின்றாள். தரையைப் பார்த்தாள்.
அந்தப் பக்கம், இந்தப் பக்கம்.
எங்கள் நகரம் சுத்தமான நகரம்.
ஆயிரம் பேர் தினமும் பெருக்கி, தண்ணீர் தெளித்து,
நாய் போனதைக்கூட விட்டுவைக்காத நகரம்.
வெறும் தரை அவளைப் பார்த்துப் பளபளத்தது.
பையனின் கை கட்டையைத் தொட்டுவிட்டது.

என் இடது கால் படகின் விளிம்பில் இருந்தது.
கொஞ்சம் அழுத்தினேன்.
கொஞ்சம்தான்.

படித்துறையில் வழிந்தது ஊர்ச் சரக்கு.
அவள் கணுக்கால் வரை இறங்கினாள்.
பையன் மூக்கைப் பொத்தப் போய்க் கட்டையை விட்டான்.

நீதிபதிகள் பூங்கொத்தை முகத்தில் வைத்துக்கொண்டு
தூரத்திலிருந்தே பெயர் கேட்டார்கள்.
"நெக்காவல்" என்றாள். விட்டுப்போகப்பட்டவள்.
பஞ்ச வருஷத்தில், நானூறு சோளக்கதிருக்கு
அப்பன் கொடுத்த பெண்ணாம்.
கட்டையை அறுத்தார்கள். குளிப்பாட்டச் சொன்னார்கள்.
என்னையும் கூப்பிட்டார்கள்.
"படகு எப்படிச் சாய்ந்தது?"
"பழைய படகு, ஐயா."
ஒரு கிழ நீதிபதி பூங்கொத்துக்குள் இருமினார்.
இருமல்தானா, தெரியவில்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் எங்கே பார்ப்பது என்று
எனக்கும் தெரிந்திருக்காது.

தெயிக்கு குச்சியோடு காத்திருந்தாள்.
"பாதிதான் இருக்கிறது. பன்னிரண்டு."
வாங்கிக்கொண்டேன்.
ஒவ்வொரு விதையையும் அழுத்திப் பார்த்தேன்.
ஒன்று மெழுகு.

மறுநாள் விடிவதற்குள் மறுபடி துடுப்பு.
ஒரு மறைப்பு, அடுத்த மறைப்பு.
இப்போது அவளும் இந்த ஊரில் எங்கோ
யாரையும் கேட்காமல் எழுந்து
இருட்டில் ஒதுங்கிப் போயிருப்பாள்.
அதுவும் என் படகுக்குத்தான் வந்து சேரும்.