தணிக்கைக் குறிப்பு எண் 17

"முட்டை, ஆயிரத்து நானூறு. எந்தத் தலைப்பில்?"
சிவப்பு மையில் கேட்டிருந்தார்
சிவகங்கையிலிருந்து வந்த தணிக்கையாளர்.
பள்ளிக்கூடம் என்பதால்
சத்துணவோ என்ற சந்தேகமும் அடைப்புக்குறிக்குள்.

சுவர் என்று பதில் எழுதினேன்.
கண்டனூர் அரசு மகளிர் பள்ளி,
மேற்குச் சுவர், உட்புறம், கடைசிப் பூச்சு.

விலை விகிதப் புத்தகத்தில்
வெள்ளைக்காரன் போட்ட வரிசை இன்னும் கலையவில்லை.
சிமெண்ட் ஒன்றுக்கு மூன்று உண்டு, ஒன்றுக்கு ஐந்து உண்டு,
பொதி கழுதைக்கு வாடகைகூட
ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
கடுக்காய் இல்லை.

எழுபத்தாறில் என் நாற்காலியில் இருந்தவர்
சரியான வரிசை எண் போட்டு
இந்தச் சுவருக்குச் சிமெண்ட் பூசினார்.
ஆட்சேபம் ஏதும் வரவில்லை.
இரண்டாம் மழையில் சுவர் வியர்த்து உப்புப் பூத்தது.
ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்
தொட்டு நக்கிப் பார்த்தார்கள்.

சவரியம்மாள் கரண்டியைத் திருப்பித் தட்டுகிறாள்,
சத்தம் கேட்கிறாள்,
"இன்னும் ரெண்டு நாள் போகணும் மேடம்" என்கிறாள்.
அந்த ரெண்டு நாளுக்கு
எந்த ஆய்வகமும் சான்றிதழ் தருவதில்லை.
கூலிப் பட்டியலில் அவள்
திறனற்றோர், பெண்.

சுதேசி முறை என்று கோப்பில் எழுதப் போனேன்,
கை வரவில்லை.
மேலே உத்தரத்தில் ரங்கூன் கம்பெனியின் சூட்டு முத்திரை.
யாரோ ஒரு பர்மாக்காரரின் நெல்வயல்
வட்டியில் மூழ்கி
தேக்காக இங்கே கரையேறியிருக்கிறது.
"மரபு முறை" என்று மாற்றினேன்.
அதுவும் முழு உண்மையில்லை.

முன்மாதிரி உண்டா என்றது அடுத்த குறிப்பு.
உண்டு.
வீட்டைப் பள்ளிக்குக் கொடுத்தவர்கள்
பரணில் விட்டுப்போன கட்டுமானக் கணக்கு,
வைகாசி மாதம், கறையான் தின்றது போக:
கொத்தன் ௯
சித்தாள் ௩௰௧
முட்டை ௬௲
முட்டையை ஒன்றுவிடாமல் எண்ணியவர்கள்
முப்பத்தொரு பேரில் ஒருத்தி பெயரும் எழுதவில்லை.

நகலெடுத்து இணைத்தேன்.
அளவுப் புத்தகத்தில், விதியில் இல்லாத ஒரு கட்டம் வரைந்து
சவரியம்மாள், பிலோமினா, காத்தாயி என்று
பதினொரு பெயர் எழுதிக் கையெழுத்திட்டேன்.
அதற்குத் தனியே விளக்கம் கேட்பார்கள்.

நேற்று வந்தது கடைசிக் கேள்வி:
"பூச்சுக்கு வெள்ளைக்கரு மட்டும் எனில்
மஞ்சள் கரு ஆயிரத்து நானூறு
அரசுக் கணக்கில் வரவு வைக்கப்பட்டதா?"

பதினொரு தூக்குச்சட்டிகள்.
அன்றிரவு அவர்கள் தெரு முழுக்க வெங்காயம் வதங்கிய வாசனை.
எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது, மிளகு தூக்கலாய்.

பதில் இன்னும் எழுதவில்லை.
மேற்குச் சுவர் காய்ந்துவிட்டது.