குழித்துறை, இரண்டாம் இரவு

என் மெமரி கார்டில் ஒரே பாட்டு பதினைந்து தடவை.
களியல் பஸ். களியல் பஸ். களியல் பஸ்.
ஷைனி கேட்கிறாள்: ஒங்களுக்கு வேற பாட்டே கெடைக்கலியா?
வேற வேற பாட்டுதான் என்று எப்படிச் சொல்ல.

ஸ்டுடியோவில் அது நாலு நிமிடம்.
துவைத்து, தேய்த்து, மடித்து வைத்த சட்டை.
தக்கலையில் பதினொன்று.
முட்டத்தில் பத்தொன்பது: கடற்காற்று மைக்குக்குள் ஏறி
பாதிக்கு மேல் காற்றுதான் பாடுகிறது.
ஆனாலும் அழிக்க மாட்டேன்.
பெல்ஜினின் பேஸ் கிடார் ஒரு தப்பான சுரத்தில் கால் வைத்து
எடுக்காமல் அங்கேயே நிற்க,
மற்ற இருவரும் அவன் நிற்கிற இடத்துக்கு
பைய நடந்து வருவதைக் கேட்கலாம்.
வந்து சேர்ந்தபின் அது தப்பில்லை.

அருமனையில் கரண்ட் போனது.
ஆன்றோ இருட்டில் ஆறு நிமிடம் டிரம்ஸ் மட்டும் அடித்தான்.
யாரும் கைதட்டவில்லை.
யாரோ தொண்டையைச் செருமினார், அதுவும் தாளத்தில்.
கரண்ட் வந்தபிறகும் அஜின் கம்பியைத் தொடவில்லை,
ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் போதும் என்று விட்டுவிட்டான்.

இதையெல்லாம் கேட்பது விடியுமுன் மூன்று மணிக்கு,
நெற்றியில் லைட்டு, ஒரு காதில் இயர்போன்.
மற்ற காது காட்டுப்பன்றிக்கு.
இருநூற்றெண்பது ரப்பர்.
நேற்றைய வெட்டுக்கு ஒரு நூல் கீழே இன்றைய வெட்டு,
ஆழம் போனால் மரம் புண்ணாகும், மேலோடு போனால் பால் வராது.
அளவுகோல் கிடையாது, கைதான்.
அஜினின் விரலுக்கும் இப்படி ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.
அல்லது தெரியாமல் நிற்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நேரில் கேட்டது ஒரே ஒரு தடவை.
வாவுபலி பொருட்காட்சி, ஆடிச் சாரல்,
ராட்டினமும் மரணக்கிணறும் மிளகாய் பஜ்ஜியும் தாண்டி மேடை.
'மதகு' என்று சாய்ந்த எழுத்தில் பேனர்.
இத்தனை வருஷம் காதில் சுமந்தவர்கள்
சுமாராகத்தான் வாசித்தார்கள்.
உண்மையைச் சொன்னால் சலித்துவிட்டது.
மூன்றே சுரத்தில் சுற்றிக்கொண்டிருந்தான் அஜின்,
சாவியைத் தொலைத்தவன் பையைத் தடவுகிற மாதிரி.
எனக்கு மூன்று மணிக்கு மரம்.
எழுந்து வந்துவிட்டேன்.

நாலு மாதம் கழித்து
காப்புக்காட்டுப் பையன் ஜெபின் ஒரு பதிவு அனுப்பினான்,
வேலியோரம், வண்டிகள் நின்ற பக்கம் நின்று எடுத்தது.
நாற்பதாவது மரத்தடியில் கேட்டேன்.

இருபத்தாறாம் நிமிடம். அதே மூன்று சுரம், அதே தடவல்.
அப்போது இடப்பக்கம் ஒரு பைக்.
யாரோ மிதிக்கிறான், டக் டக் டக், செத்துப்போகிறது.
மறுபடி மிதிக்கிறான்.
மூன்றாவது மிதியில்
ஓட்டை சைலன்சரிலிருந்து ஒரு இருமல்.
அந்த இருமலை எனக்குத் தெரியும்.
அதை நிறுத்த ஒர்க்‌ஷாப்பில் இரண்டாயிரம் கேட்டார்கள்.

ஆன்றோவுக்கும் கேட்டிருக்கிறது.
அந்த டக் டக் டக்கை அவன் கோலால் பொறுக்கி எடுக்கிறான்,
பெல்ஜின் கீழிருந்து முட்டுக் கொடுக்கிறான்,
அஜினுக்குச் சாவி கிடைத்துவிட்டது.
அடுத்த பதினோரு நிமிடம்
மற்ற பதினாலிலும் இல்லாதது.
கூட்டம் கத்துகிறது, ஜெபின் கத்துகிறான்,
மழையில் போன் நடுங்குகிறது,
பாலத்தில் ஏறின என் பைக்
மெலிந்து மெலிந்து
இல்லாமல் போகிறது.

கத்தியை மரத்தில் சாய்த்து
இருபத்தைந்துக்குத் தள்ளி மறுபடி கேட்டேன். மறுபடியும்.
விடிந்தபோது பாதித் தோட்டம் வெட்டாமல் நின்றது.
முதலாளியிடம் பன்றி என்று சொன்னேன்.

ஷைனியின் காதிலும் வைத்தேன்.
வேறெதற்கும் இல்லாத பொறுமையோடு முழுவதும் கேட்டாள்.
சைலன்சரை மாத்தணும், என்றாள்.

இன்னும் மாற்றவில்லை.