பதினைந்து நொடி

"புதுப்பிக்கவா?" என்று கேட்டது.
"சரி" என்றேன்.
வாடகைக்குத் தவணை கேட்டு வருகிற எவரிடமும்
இத்தனை லேசாக நான் சொல்லியிராத சொல்.

திரை இருண்டது.
கணினி சாகவில்லை, அதுதான் எரிச்சல்.
உள்ளே காற்றாடி ஓடுகிறது.
விசையை அமுக்கினால் ஓரத்துச் சின்ன விளக்கு
முழிக்கிறது, மூடுகிறது.
காது கேட்கிறது, பதில்தான் இல்லை,
சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்ட ஆள் மாதிரி.

முப்பது எண்ணும்வரை பட்டனை அழுத்திப் பிடித்தேன்.
பேட்டரியைக் கழற்றி, ஊதி, மாட்டினேன்.
ஊதினால் ஒன்றும் ஆகாது, தெரியும்.
ஊதினேன்.

பிறகு கைபேசி டார்ச்சைத்
திரைக்குச் சாய்வாகப் பிடித்தபோது
கலங்கல் ஆற்றடியில் கூழாங்கல் போல
என் கட்டங்கள், என் எண்கள், ஒரு வெள்ளை அம்பு.
எல்லாம் வைத்த இடத்தில்.
படம் போகவில்லை.
படத்துக்குப் பின்னால் நிற்கிற வெளிச்சத்தைத்தான்
புது மென்பொருள் அணைத்துவிட்டுப் போயிருக்கிறது.

எதிர்ச்சாரியில் வால்டெமாரின் சலூன்.
பைசாண்டுவில் எங்கள் தெரு முழுக்க
அங்கேதான் கால்பந்து பார்க்கும்,
பாதி மழித்த கன்னத்தோடு.
இடைவேளை விசில்வரை வாசலில் நின்றேன்,
கக்கத்தில் கணினி, கையில் கேபிள்.
"பத்து நிமிஷம், ஸுல்மா" என்றார்,
நுரைப் பிரஷ்ஷை என் பக்கம் ஆட்டி.

சொருகினேன்.
டிவி ஒருமுறை நீலமாகி
நான் மூட மறந்த பக்கத்தைச்
சுவரகலத்துக்கு விரித்தது:
ஆகஸ்ட் வாடகை நிலுவை.
மூன்றாம் வரி. வால்டெமார் சோஸா. நான்கு மாதம்.
அந்தச் சிவப்பு நான் பூசியது.

கை மாறிக்கொண்டிருந்த மாத்தே குவளை
ஒரு கையிலேயே நின்றது.
கத்தி யாருடைய தாடைக்கோ மேலே அந்தரத்தில்.
ஜன்னல் மேல் ஜன்னலாகத் திறந்து
அந்த வரியை மூடப் பார்த்தேன்.
எதைத் திறந்தாலும் அதற்கு அடியில்
சோஸா என்ற பெயரின் வால் நீட்டிக்கொண்டிருந்தது.
காட்சி இயக்கி. பண்புகள்.
பழைய பதிப்புக்குத் திரும்பு.

இரண்டு திரையும் கறுத்து
இரண்டும் ஒளிர்ந்தன.
என்னுடையதும்தான்!
நடுவில் ஒரு கேள்வி:
இந்த அமைப்பை வைத்துக்கொள்ளவா?
பதினைந்து நொடியில் பழையபடி மாறிவிடும்.

பதினான்கு. பதின்மூன்று.
சலூனே வாய்க்குள் எண்ணியது.
என் விரல் ஏன் நின்றது என்று இன்னும் தெரியவில்லை.
ஆறில் வால்டெமார் சொன்னார்:
"அமுக்குங்க, மேட்ச் ஆரம்பிச்சிருக்கும்."

அமுக்கினேன்.
கேபிளை அவரே உருவி,
கத்தரிக்கோலைத் துடைக்கிற துணியால் துடைத்து,
சுருட்டித் தந்தார்.
"எழுத்து நல்லாப் பெரிசாத் தெரிஞ்சுது."

அதற்குள் ஒரு கோல் விழுந்திருந்தது.
யார் போட்டதென்று யாரும் பார்க்கவில்லை.

இரவு அந்த வரியின் சிவப்பை எடுத்தேன்.
தொகையைத் தொட எனக்கு அதிகாரமில்லை,
நிறம் மட்டும்.
மூலையில் மறுபடி அதே சின்னப் பெட்டி:
புதுப்பிக்கவா?

பிறகு நினைவூட்டு.