ஆறு சதவீத இறக்கம்

டுலூத்தில் எங்கள் வீடு
மலை முடிந்து ஏரி தொடங்கும் இடுக்கில் இருக்கிறது.
நெடுஞ்சாலை தலைக்கு மேலே.
ஏரி தெரியும் என்றுதான் தரகர் விற்றார்.
என்ன கேட்கும் என்று
அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இரவு 1.50. மரக்கட்டை லாரி.
2.11. என்னவென்று தெரியாத ஒன்று, நீளமானது.
2.14. அதைத் துரத்திக்கொண்டு இன்னொன்று.
எழுதிவைக்கிறேன்.
பல் மருத்துவமனையில் இலவசமாகத் தந்த டைரி,
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும்
ஒரு கடைவாய்ப்பல் சிரிக்கிறது.

எஞ்சின் பிரேக் என்றால்
கடகடவும் இல்லை, தடதடவும் இல்லை.
ஒரு தகரக் கூரையை முனையில் பிடித்து
அவசரமே இல்லாமல்
யாரோ கிழித்துக்கொண்டே இறங்குவது.
கடைசி வளைவில்
போதும் என்று விட்டுவிடுவது.
சில நாள், விட்ட பிறகுதான் விழிப்பேன்.

பக்கத்தில் வெர்னர்.
முப்பத்தொரு வருடம் இதே இறக்கத்தில்
இதே சத்தத்தைப் போட்டுக்கொண்டு வந்தவன்.
ஜன்னல் பக்கத்து இடது காது முழுதாகப் போயிற்று.
மிச்சமிருக்கும் காதைத் தலையணையில் புதைத்தால்
உலகமே அவனுக்குப் பஞ்சு.
திருடின வீட்டிலேயே திருடன் தூங்குகிற மாதிரி
என்றேன் ஒருநாள்.
அவனுக்குக் கேட்கவில்லை.

நகராட்சிக்கு மனு எழுதினோம்.
அறுபத்திரண்டு கையெழுத்து.
பிள்ளையைத் தொட்டிலில் இறக்குகிற நேரம் பார்த்து
மலையிலும் ஒருவன் இறங்குகிறான் என்று
எதிர்வீட்டு ஷெல்பி கங்காஸ்
ஓரத்தில் தனியாக எழுதியிருந்தாள்.
அளக்க ஒரு பையன் வந்தான்,
முட்டைக்கோஸ் பாத்தியில் ஒரு கம்பம்,
அதன் நுனியில் அணில் போல ஒரு மைக்.
அன்றைக்குப் பார்த்துப் பனிப்புயல். சாலையை மூடிவிட்டார்கள்.
நாற்பத்தோரு டெசிபல்.
அதிலும் பாதி வெர்னரின் குறட்டை.

பிப்ரவரியில், மைனஸ் இருபத்தாறு,
தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
அடுக்களை இருட்டில் அவன் நின்றிருந்தான்
ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து,
காய்ச்சல் பார்க்கிறவன் போல.
எத்தனை இரவாக என்று நான் கேட்கவில்லை.
"எண்பதாயிரம் பவுண்டு. கியரை மேலேயே குறைத்துவிட்டான்,
கெட்டிக்காரன்."
கண்ணாடிதான் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்தது வந்தது. வந்தது என்றால்
டயர்ச் சத்தம் மட்டும், வேறெதுவும் இல்லை.
அவன் விரல்கள் கண்ணாடியில் அகன்றன.
"போடு" என்றான். "போடுடா."
கீழே ஒரு சிக்னல்,
பள்ளிக்கூடப் பஸ் நிற்கும் இடம்,
அப்புறம் ஏரி. அதற்கு மேல் நிறுத்த ஒன்றும் கிடையாது.
நானும் கையை வைத்தேன்.
வெறும் குளிர்.
குளிர்.
பிறகு தகரம் கிழிந்தது,
மேலிருந்து கீழ்வரை,
என் மணிக்கட்டு, முழங்கை, பல் வரைக்கும்.
வெர்னர் விட்ட மூச்சு
கண்ணாடியில் ஒரு தட்டு அளவுக்குப் படர்ந்தது.

மணி 3.26.
எழுதினாயா என்று கேட்காதீர்கள். எழுதினேன்.

அறுபத்துமூன்றாவது கையெழுத்து அவனுடையது.
நான் கேட்காமலே போட்டான்.
"சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறான்களே,
அவன்களைப் பிடிக்கச் சொல், மார்லிஸ்!"
காது போனவர்கள் பேசுகிற பேச்சு,
ஷெல்பி வீட்டுத் திரை விலகியது.
மெதுவாகப் பேசு என்றேன்.
"என்ன?" என்றான்.

இன்றைக்கும் 2.11.
அதே நீளமானது.
'மேலேயே குறைத்துவிட்டான்' என்று
நேரத்துக்குப் பக்கத்தில் எழுதினேன்,
நகராட்சிக்குத் தேவையில்லாத தகவல்,
பல்லுக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது.