ஒரு வண்டி பாக்கி

வெள்ளகோவில் தாண்டி மூலனூர் ரோட்டில்
அறுபது டன் எடைமேடை.
எனக்கு ராத்திரி முறை.
பத்து நிமிஷம் வண்டி வராவிட்டால்
கம்ப்யூட்டர் தூங்கிவிடும்.
கரண்ட் பில்லுக்காக நாச்சிமுத்தண்ணன்
அப்படி வைக்கச் சொன்னது.

கொப்பரை லாரி மேடையேறி நிற்கும்.
டிரைவர் ஹாரனை அமுக்குவார்.
நான் மவுஸை ஆட்டுவேன்.
அது கண் திறந்து, பாஸ்வேர்டு கேட்டு,
தராசோடு பேச மறந்து, மறுபடி நினைத்து,
எண் வர ஒன்றரை நிமிஷம்.
அதற்குள் பின்னால் நிற்கும் சோள லாரிக்காரன்
என் குலம் கோத்திரமெல்லாம்
எடை போட்டு முடித்திருப்பான்.

ஆடி மாசம்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
காற்றாடிகளைச் சுற்றோ சுற்றென்று சுற்றுகிறது.
கரண்டும் அப்போதுதான் போகிறது.
யூபிஎஸ் பேட்டரி நாலு நிமிஷம் கீச்சிட்டுக்
கையை விரித்துவிடும்.

போன வெள்ளிக்கிழமை அப்படித்தான்
சென்னியப்பன் வண்டியின் முதல் எடை போனது.
சரக்கை இறக்கிவிட்டு
வெறும் வண்டியோடு வந்தவர்
'இருவத்திநாலாயிரத்து முன்னூத்தி எம்பதுங்க அம்மிணி' என்றார்.
'துண்டுச்சீட்டு இருக்குதுங்களா?'
'காத்துல போயிருச்சுங்க.'

கையால் எழுதிக் கொடுத்தேன்.
ஆயில் மில் கணக்குப்படி
அதைவிட நூற்றி இருபது கிலோ கம்மி.
யார் பொய் சொன்னார்கள் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
கொப்பரையே பொய் சொல்லும்,
காற்றில் நின்றால் ஈரம் போய் இளைத்துவிடும்.
சம்பளத்தில் பிடித்தது மட்டும் தெரியும்.

மறுநாள் ராத்திரி, வண்டியில்லாத இரண்டு மணிக்கு,
பவர் செட்டிங்ஸைத் திறந்தேன்.

திரை, ஐந்து நிமிஷத்தில் அணையட்டும்.
அண்ணனின் பில்லுக்கு அது போதும்.
தூக்கம். பத்து நிமிஷம், அரை மணி,
ஒரு மணி, ஐந்து மணி,
எல்லாவற்றுக்கும் அடியில் கடைசியாக
நெவர்.
அந்தச் சொல்லின் மேல் கை கொஞ்சம் நின்றது.
யாருக்கும் நான் அப்படி
வாக்குக் கொடுத்ததில்லை.

பேட்டரி தீரப்போகும்போது என்ன செய்ய?
ஷட் டவுன் என்றிருந்தது.
பக்கத்தில் ஹைபர்நேட்.
கரூர் சர்வீஸ் பையன் ஜெகதீசை எழுப்பிக் கேட்டேன்.
கொட்டாவியோடு சொன்னான்:
'மனசுல இருக்கறதையெல்லாம் எழுதி வெச்சுட்டு
அணையுமுங்க்கா.
கரண்ட் வந்து பொத்தானை அமுக்குனா
உட்ட எடத்துலயே எந்திரிக்கும்.'

எழுதி வைக்காமல் போனவர்கள்
எங்கள் வீட்டில் இரண்டு பேர்.
தோட்டத்துக் கேஸ்
தாராபுரம் கோர்ட்டில் இன்னும் நடக்கிறது.
மாற்றினேன்.

கடைசியாக, முன்பக்கப் பொத்தான்.
விடிந்ததும் அண்ணன் வந்து
பீடித்துண்டை நசுக்குவதுபோல் அதை அமுக்கிவிட்டு
டீக்குப் போவார்.
யார் வண்டி மில்லுக்குள் நிற்கிறதென்று பார்க்கமாட்டார்.
அமுக்கினால் என்ன செய்ய என்று கேட்டது.
ஒன்றும் செய்யாதே என்றேன்.

இன்றைக்குக் காலை ஆறேகால்.
அமுக்கினார். மறுபடி அமுக்கினார்.
உள்ளே விசிறி
தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.
'ஏனம்மிணி, கெட்டுப்போச்சா?'
'இல்லீங்ண்ணா. ஒரு வண்டி பாக்கி.'
'அதுக்கும் பொத்தானுக்கும் என்ன?'

பதில் யோசிப்பதற்குள்
டீக்குப் போய்விட்டார்.

ஆறரைக்கு என் பஸ்.
மாட்டிய பையைக் கழற்றி
மறுபடி ஆணியில் தொங்கவிட்டேன்.
கறுத்துக் கிடந்த திரைக்கு
மவுஸை லேசாகத் தொட்டேன்,
உடனே வந்தது:
மொத்த எடை 19,640.
வெறும் எடைக்கான கட்டம் காலி.

மில் பக்கமிருந்து
காலி லாரி குலுங்கி வரும் சத்தம்.
இல்லை, காற்றாடியோ.